நீச்சல்குளத்தில் 4 கிலோ கட்டினேன். கட்மத் கடலில் எவ்வளவு கட்டணும்?

கோட்டாறுக்காரன்:

ஸ்கூபா டைவிங் ஓபன் வாட்டர் கோர்ஸில் பாடமும் குளப் பயிற்சியும் திருவனந்தபுரத்தில் முடிந்தது. மீதியுள்ள நான்கு கடல் டைவையும் ஜனவரியில் லட்சத்தீவு கட்மத்தில் முடிக்கத் திட்டம். கொச்சியிலிருந்து கப்பலில் போய், அகத்தியிலிருந்து விமானத்தில் திரும்புவதாக இருக்கிறேன்.

விவரம்: உடல் எடை 70 கிலோ. குளத்தில் டி-ஷர்ட், 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர், 4 கிலோ ஈயம். அந்த எடையில் தரையில் நன்றாக உட்கார முடிந்தது. கட்மத்தில் 3 மி.மீ. முழு வெட்சூட் (குளிரைத் தடுக்கும் ரப்பர் உடை) தருவார்களாம்.

கடலில் எத்தனை கிலோ கட்ட வேண்டும்? ஒரு சிலிண்டர் 18 மீட்டரில் எவ்வளவு நேரம் வரும்? இடது காது எப்போதும் தாமதமாகத்தான் திறக்கிறது, அதற்கு என்ன வழி? பவளப்பாறையில் எதை எல்லாம் பார்த்து ஒதுங்க வேண்டும்? கடைசியாக ஒன்று: போகும் முன் ஒரு தடவை பழகிப் பார்க்க நம் கன்னியாகுமரி மாவட்டக் கடலிலேயே பவளப்பாறை எங்கேயாவது உண்டா?

முட்டம்_லைட்ஹவுஸ்:

எடைக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மற்றதற்கு ஆட்கள் வருவார்கள்.

முதலில் உப்பைக் கணக்கில் எடுங்கள். நன்னீர் லிட்டருக்கு 1 கிலோ, கடல்நீர் ஏறக்குறைய 1.025 கிலோ. உங்கள் 70 கிலோவோடு சிலிண்டர், பிசிடி (காற்றடைத்து மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் சட்டை), ரெகுலேட்டர் (வாயில் வைத்து மூச்சு விடும் கருவி), ஈயம் எல்லாம் சேர்ந்தால் 90 கிலோவைத் தாண்டும். அதில் நூற்றுக்கு இரண்டரை என்று போட்டால் 2.3 கிலோ பக்கம் வருகிறது. கடலில் இறங்குகிறோம் என்ற ஒரே காரணத்துக்காகக் கூட்ட வேண்டிய எடை இது.

அடுத்தது வெட்சூட். 3 மி.மீ. முழு சூட் சுமார் 2 கிலோ மிதப்பைத் தரும். பல வருடம் ஓடி நசுங்கிப்போன சூட் என்றால் அதைவிடக் குறைவு, புதுசு என்றால் கொஞ்சம் கூடுதல்.

ஆக 4 + 2.3 + 2, எட்டு கிலோவுக்கு மேல் என்று தாளில் வரும். அதை அப்படியே நம்பி எட்டு கிலோ கட்டிவிடாதீர்கள். குளத்தில் "தரையில் நன்றாக உட்கார முடிந்தது" என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் சந்தேகம். மாணவர் முட்டி போட்டு நிலையாக இருக்க வேண்டும் என்று பயிற்சியில் ஒன்றிரண்டு கிலோ கூடுதலாகக் கட்டிவிடுவது எல்லா இடத்திலும் உள்ள பழக்கம். உங்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது 2 அல்லது 2.5 ஆகத்தான் இருந்திருக்கும். எனவே கட்மத்தில் 6 கிலோவில் தொடங்கி, அங்கேயே சோதித்துக்கொள்ளுங்கள்.

சோதிப்பது இப்படி. ஆளை விட ஆழமான நீரில், ரெகுலேட்டரை வாயில் வைத்துக்கொண்டு நேராக நில்லுங்கள். காலை அடிக்கக் கூடாது. கணுக்காலைக் குறுக்கே போட்டுக்கொண்டால் தானாக அடிபடாது. பிசிடியில் இருக்கும் காற்றை முழுக்க வெளியேற்றுங்கள். சாதாரணமாக ஒரு மூச்சு இழுத்து, சில விநாடி நிறுத்துங்கள். தண்ணீர் மட்டம் கண்ணுக்கு நேராக நிற்க வேண்டும். மூச்சை விட்டதும் மெதுவாக அமிழ வேண்டும். நெற்றிக்கு மேலே தண்ணீர் போய்விட்டால் எடை கூடுதல், தாடைக்குக் கீழே நின்றால் குறைவு. அரைக் கிலோ, ஒரு கிலோவாக மாற்றிப் பாருங்கள்.

இதில் பலரும் விடுகிற இடம் சிலிண்டருக்குள் இருக்கும் காற்றின் எடை. 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் கிட்டத்தட்ட 2.7 கிலோ காற்று இருக்கும். 50 பாருக்கு வரும்போது அதில் 2 கிலோ போயிருக்கும். அலுமினிய சிலிண்டர் தொடக்கத்தில் லேசாக அமிழும், கடைசியில் மேலே இழுக்கும். முழு சிலிண்டரோடு சோதித்து மட்டம் சரியாக வந்தால், டைவ் முடிவில் 5 மீட்டரில் பாதுகாப்பு நிறுத்தத்துக்கு நிற்க முடியாமல் மேலே போய்விடுவீர்கள். எனவே முழு சிலிண்டரோடு சோதித்தால் 2 கிலோ கூட்டுங்கள். இதைவிட நல்லது, முதல் டைவ் முடிவில் 50 பார் மிச்சம் இருக்கும்போது 5 மீட்டரில் பிசிடியைக் காலி செய்து பார்ப்பது. மூச்சை மட்டும் வைத்துக்கொண்டு அங்கேயே நிற்க முடிந்தால் அதுதான் உங்கள் எடை. லாக் புத்தகத்தில் "அலுமினியம் 11 லி., 3 மி.மீ., கடல், இத்தனை கிலோ" என்று நான்கையும் சேர்த்து எழுதுங்கள். வெறும் கிலோவை எழுதினால் அடுத்த முறை இதே கேள்வியோடுதான் வருவீர்கள். இரும்பு சிலிண்டர் கிடைத்தால் 2 கிலோ பக்கம் குறைக்கலாம்.

எடை கூடினால் என்ன, பிசிடியில் காற்று விட்டுச் சரிசெய்யலாமே என்று கேட்பவர்கள் உண்டு. சரியான எடையில் 10 மீட்டரில் பிசிடிக்குள் 2 லிட்டர் காற்று போதும் என்று வைப்போம். 3 கிலோ கூடுதலாகக் கட்டியவருக்கு 5 லிட்டர் வேண்டும். இருவரும் 5 மீட்டருக்கு ஏறினால் அழுத்தம் 2 பாரிலிருந்து 1.5 பாராகக் குறையும், காற்று மூன்றில் ஒரு பங்கு விரியும். முதலாமவருக்கு 0.7 லிட்டர் கூடுகிறது. ஒரு மூச்சை நன்றாக விட்டால் சமாளித்துவிடலாம். மற்றவருக்கு 1.7 லிட்டர். காற்றை விட வால்வைத் தேடிக் கை போவதற்குள் மேலே கிளம்பிவிடுவார். எடை கட்டிய இடுப்பு கீழே, காற்று நிறைந்த மார்பு மேலே என்று உடல் சாய்ந்துவிடுவதால் காலில் மாட்டிய துடுப்பு கீழ்நோக்கிப் பவளத்தில் அடிக்கும். கிளைப் பவளம் ஒடிவது பெரும்பாலும் கையால் இல்லை, துடுப்பால்.

எல்லா ஈயத்தையும் பெல்ட்டிலேயே கோக்க வேண்டும் என்று இல்லை. கால் கீழே இழுத்தால் ஒரு கிலோவை சிலிண்டர் பட்டையில் மேலே மாற்றிக்கொள்ளலாம். பெல்ட்டின் கொக்கி வலது கையால் ஒரே இழுப்பில் திறக்க வேண்டும். பிசிடியின் பட்டை எதுவும் அதன் மேல் வரக் கூடாது.

சிப்பிப்பார்:

கடைசிக் கேள்விக்கு மட்டும் நான்.

நம்ம ஜில்லாக் கடல்ல மன்னார் வளைகுடா தீவுகளச் சுத்தி இருக்கியது மாதிரி பவளப்பாறைத் திட்டு கெடையாது. இங்க இருக்கியது பார். கரையில தெரியிய பாறை அப்படியே கடலுக்குள்ள எறங்கிப் போவுது. முட்டம், கடியபட்டணம், குளச்சல், இனயம் பக்கம் எல்லாம் அதுதான். (அண்ணாச்சி மேல எழுதின அழுத்தத்துக்க பார் வேற, நம்ம கடலுக்க பார் வேற. குழம்பாண்டாம்.) பார் மேல பச்சைச் சிப்பி, பழுப்புச் சிப்பி, கடற்பஞ்சு, விசிறி மாதிரி விரியிய கடல்விசிறி, அங்கங்க தனித்தனியா பவளம் ஒட்டி இருக்கும். ஆனா பவளமே கட்டி எழுப்பின பாறை இல்ல. பவளத்துக்குள்ள குடியிருக்கிய பாசிக்கு வெளிச்சம் வேணும். இங்க தேங்காய்ப்பட்டணத்துல குழித்துறை ஆறு, கடியபட்டணத்துல வள்ளியாறு, மணக்குடியில பழையாறுன்னு மூணு ஆறு கலங்கல் கொண்டு வருது. ஆனி, ஆடியில கடல் அடியில இருந்து மணலப் புரட்டிப் போடும். அதே மாசங்கள்ல ஆழத்துல இருந்து குளிர்ந்த வெள்ளம் (தண்ணி) மேல வரும். அதுல சத்து கூடுதல், மீனுக்கு நல்லது, ஆனா வெள்ளம் பச்சையாக் கலங்கும். பவளம் கட்ட இது தோது இல்ல, சிப்பிக்கும் சிங்கி இறாலுக்கும் நல்ல தோது.

தமிழ்நாட்டுல நமக்குப் பக்கத்துல உள்ள பவளப்பாறைன்னா தூத்துக்குடியில தொடங்கி ராமேஸ்வரம் வர உள்ள 21 தீவைச் சுத்தி இருக்கியதுதான். 1986-ல இருந்து அது கடல்வாழ் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாம எறங்க முடியாது.

பழகிப் பாக்கணும்னு பாருக்கு வரதும் நல்ல யோசனை இல்ல. பார் ஓரத்துல அலை ஆளைத் தூக்கிக் கொண்டு போய் பாறையில வைக்கும், அடுத்த இழுப்புல வெளிய இழுக்கும். சிப்பி பாறையில தேய்ச்சா சூட்டும் கிழியும், தோலும் கிழியும். நீவாடு (நீரோட்டம்) மேலாப்புல ஒரு பக்கமும் கீழ வேற பக்கமும் ஓடும். அறுந்து கெடக்கிய வலை, தூண்டில் நரம்பு வேற. முதல் கடல் டைவ் இங்க வேண்டாம். இன்னொரு நாள் வரணும்னா, இந்த இடம் தெரிஞ்ச வள்ளக்காரர், இந்தக் கடல்ல டைவ் பண்ணின வழிகாட்டி, வலை அறுக்கக் கத்தி, இந்த மூணும் இல்லாம வராதீங்க. மாசம் தை, மாசி. அப்பவும் அஞ்சு பத்து மீட்டர் தெளிஞ்சா நல்ல நாள்.

இன்னொண்ணு. சிப்பி எடுக்கியவங்க போடுற கண்ணாடிய வச்சு ஸ்கூபா பழகாதீங்க. அது கண்ணை மட்டுந்தான் மூடும். மூக்கு வெளிய இருக்கியதால உள்ள காத்து விட்டு அழுத்தத்தச் சமன் பண்ண வழி கெடையாது. கொஞ்சம் ஆழம் போனாலே கண்ணைக் கவ்வி இழுக்கும், வெள்ளை முழி சிவக்கும். ஸ்கூபா மாஸ்க்குல மூக்கு உள்ள இருக்கியதே அதுக்குத்தான். கீழ போவும்போது மூக்கு வழியா லேசா ஊதிக்கிட்டே போகணும்.

கலவா:

காற்றுக் கணக்கு.

மேற்பரப்பில் நிதானமாக மூச்சு விடுகிறவருக்கு நிமிடத்துக்கு 20 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். புதியவர்கள் 25. ஆழத்தில் அதை அங்குள்ள மொத்த அழுத்தத்தால் பெருக்க வேண்டும்: 10 மீட்டரில் 2 பார், 18 மீட்டரில் 2.8 பார். உங்களுக்கு 25 என்றே போடுவோம். 18 மீட்டரில் நிமிடத்துக்கு 70 லிட்டர். சிலிண்டரில் 200-லிருந்து 50 வரை செலவழிக்கக் கிடைப்பது 150 பார், அதை 11.1 லிட்டரால் பெருக்கினால் 1,665 லிட்டர். ஆக 24 நிமிடம்தான். அதே ஆள் 10 மீட்டரில் இருந்தால் 33 நிமிடம். பவளப்பாறையில் நிறமும் மீனும் நிறைந்த பகுதி பெரும்பாலும் 5 முதல் 15 மீட்டருக்குள்தான். 18-க்குப் போயே ஆக வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். PADI என்ற பயிற்சி அமைப்பின் கோர்ஸ் விதிப்படியும் முதல் இரண்டு கடல் டைவ் 12 மீட்டரைத் தாண்டாது.

காற்றைச் சீக்கிரம் தீர்ப்பவை: கூடுதல் எடை, கையால் நீந்துவது, நீவாட்டுக்கு எதிரே துடுப்படிப்பது, மேலோட்டமான அவசர மூச்சு. மூச்சை அடக்கிச் சேமிக்க நினைப்பது இதைவிட மோசம். மிச்சம் எதுவும் ஆகாது, தலைவலிதான் வரும். ஏறும்போது மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழியும். அதற்கு ஆழம்கூட வேண்டாம், நுரையீரல் நிறையக் காற்றோடு ஒன்றரை மீட்டர் ஏறினாலே போதும். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்கட்டும்.

50 பார் வந்ததும் மேலே கிளம்பலாம் என்று குளத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். 3 மீட்டர் குளத்துக்கு அது சரி. 18 மீட்டருக்கு சரியில்லை. கூட வருபவரின் காற்று அந்த நேரம் பார்த்துத் தீர்ந்துவிட்டது, இருவரும் உங்கள் சிலிண்டரில் மூச்சு விட வேண்டும் என்று வைத்துப் பாருங்கள். பதற்றத்தில் ஆளுக்கு 30 லிட்டர், இருவருக்கும் 60. நிலைமையைப் புரிந்து கைகோக்க 18 மீட்டரில் ஒரு நிமிடம்: 168 லிட்டர். நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் ஏற 2 நிமிடம், சராசரி 1.9 பாரில்: 228 லிட்டர். 5 மீட்டரில் 3 நிமிட நிறுத்தம்: 270 லிட்டர். மொத்தம் 666 லிட்டர், அதாவது 60 பார். 50 என்பது படகில் ஏறும்போது அழுத்தமானி முள் காட்ட வேண்டிய எண். 18 மீட்டரில் இருந்தால் 80-க்கே கிளம்புங்கள். 100 பார் வந்ததும் வழிகாட்டிக்குக் கையால் காட்டிவிடுங்கள்; அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

இறங்கும் முன் ஒரு சோதனை. ரெகுலேட்டரில் நான்கு மூச்சு இழுங்கள், இழுக்கும்போதே அழுத்தமானியைப் பாருங்கள். முள் ஒவ்வொரு மூச்சுக்கும் கீழே போய்த் திரும்பினால் சிலிண்டர் வால்வு முழுக்கத் திறக்கவில்லை. மேலே நன்றாகத்தான் மூச்சு வரும், ஆழத்தில் இறுகும். முழுக்கத் திறந்து கால் சுற்று திருப்பி மூடும் பழைய பழக்கம் இன்னும் சில படகுகளில் உண்டு. யாராவது தப்பான பக்கம் திருப்பி முக்கால்வாசி மூடிவிடும் விபத்து அதில்தான் நடக்கிறது. முழுக்கத் திறந்தே விடுங்கள். காற்றில் எண்ணெய் வாடையோ புகை வாடையோ வந்தால் அந்தச் சிலிண்டரை எடுக்க வேண்டாம். கம்ப்ரசர் தன் எஞ்சின் புகையையே உறிஞ்சியிருக்கலாம்.

முட்டம்_லைட்ஹவுஸ்:

கலவா சொன்ன 80-ஐ ஒப்புக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: நேரத்தை முடிவு செய்வது காற்று மட்டும் இல்லை. 18 மீட்டரில் நைட்ரஜன் வரம்பு (உடலில் நைட்ரஜன் அளவுக்கு மீறிச் சேராமல் அங்கே இருக்கக்கூடிய நேரம்) பழைய அட்டவணைப்படி முதல் டைவுக்கு 56 நிமிடம், 30 மீட்டரில் 20 நிமிடம். இவருக்குக் காற்று முதலில் தீரும், அதனால் கவலை இல்லை. மூச்சு நிதானப்பட்டு 30 மீட்டருக்குப் போகத் தொடங்கும்போது இது தலைகீழாகும். அப்போது டைவ் கம்ப்யூட்டரைப் பார்க்காமல் முள்ளை மட்டும் பார்ப்பவர்தான் மாட்டுவார்.

தக்கலை_காதுமூக்குதொண்டை:

காது. உடல் மேல் உள்ள மொத்த அழுத்தம் முதல் 10 மீட்டரில் இரட்டிப்பாகிறது. அதற்குப் பிறகு அந்த விகிதம் குறைகிறது. காதுக்குச் சோதனை முதல் 5 மீட்டரில்தான். தாமதமாகத் திறக்கும் காது உள்ளவர்கள் செய்யும் தவறு, வலி வந்த பிறகு மூக்கைப் பொத்தி ஊதுவது. அதற்குள் தொண்டைக்கும் காதுக்கும் இடையில் உள்ள குழாயின் வாய் அழுத்தத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். எவ்வளவு ஊதினாலும் திறக்காது.

தண்ணீருக்கு மேலேயே ஒரு தடவை திறந்து விடுங்கள். பிறகு அரை மீட்டருக்கு ஒரு தடவை, வலிக்குமுன். கால் கீழே, தலை மேலே இருக்கும்படி கயிற்றைப் பிடித்து இறங்கினால் எளிது. தலைகீழாக இறங்கினால் கடினம். மூக்கைப் பொத்திக்கொண்டு எச்சில் விழுங்குவதும், பொத்தி ஊதுவதும் சேர்த்துச் செய்தால் பலருக்குத் திறக்கும். இடது காதுக்கு, தலையை வலது தோள் பக்கம் சாய்த்து இடது கழுத்தை நீட்டிக்கொண்டு செய்து பாருங்கள். திறக்கவில்லை என்றால் ஒரு மீட்டர் மேலே ஏறி மறுபடி. மூன்று தடவைக்கு மேல் போராட வேண்டாம், டைவை விட்டுவிடுங்கள். பலத்தைப் போட்டு ஊதினால் உட்காதின் சவ்வு கிழியும். கேட்கும் திறன் திரும்பாமலே போகலாம்.

சளி இருந்தால் இறங்காதீர்கள். மூக்கடைப்பு மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது இன்னும் ஆபத்து. ஆழத்தில் இருக்கும்போது அதன் வேலை முடிந்துவிட்டால், ஏறும்போது காற்று வெளியேற வழி இருக்காது. தீவுக்குப் போகும் முன் ஒரு தடவை காதை மருத்துவரிடம் காட்டிவிட்டுப் போங்கள். பட்ஸ் போட்டுக் குடைவதை இன்றே நிறுத்துங்கள். அடைத்த அழுக்கை உள்ளே தள்ளுவது அதுதான்.

விமானம்: உடலில் சேர்ந்த நைட்ரஜன் வெளியேற, கடைசி டைவுக்குப் பிறகு காத்திருக்க வேண்டும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18. நான்கு டைவ் செய்பவர் 24 என்றே வைத்துக்கொள்வது நல்லது. கப்பலுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. ஆனால் கப்பலில் திரும்பி, கொச்சியில் இறங்கிய கையோடு மூணாறு ஏறிவிட்டு வரலாம் என்று திட்டம் போடுபவர்கள் உண்டு. அது 1,500 மீட்டர் உயரம். விமானத்துக்குச் சொன்ன அதே காத்திருப்பு மலைக்கும் உண்டு. நம் பேச்சிப்பாறை பிரச்சினை இல்லை, மேல் கோதையாறு பிரச்சினைதான். டைவ் முடித்த நாளில் மூச்சடக்கி ஆழம் போகும் விளையாட்டும் வேண்டாம்.

படகுக் குமட்டல் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் ஏறக் கூடாது. இரண்டு மட்டிப்பழமும் இட்லியும் போதும். பொரித்த மீனும் புளிக்குழம்பும் மதியத்துக்கு. நீருக்குள் வாந்தி வந்தால் ரெகுலேட்டரைக் கழற்றக் கூடாது. கையால் அதை வாயோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அதற்குள்ளேயே எடுங்கள், பிறகு நடுப் பொத்தானை அழுத்திச் சுத்தப்படுத்துங்கள். கேட்க அருவருப்பு. ஆனால் கழற்றினால் அடுத்த மூச்சு தண்ணீராக இருக்கும்.

கிளாத்தி:

பெயருக்குப் பொருத்தமாக நானே தொடங்குகிறேன். குளச்சல் ஏலத்தில் பார்க்கும் கிளாத்தியின் பெரிய உறவுக்காரர் ஒருவர் பவளப்பாறையில் இருக்கிறார். முக்கால் மீட்டர் வரை வளரும். மணலில் குழி பறித்து முட்டையிடும் காலத்தில் கிட்டே போனால் பாய்ந்து கடிக்கும். பல் சிப்பியையே உடைக்கும், துடுப்பையும் துளைக்கும். முதலில் முதுகு முள்ளை நிமிர்த்தி, பக்கவாட்டில் சாய்ந்து உங்களைப் பார்க்கும். அதுதான் எச்சரிக்கை. பயத்தில் எல்லோரும் மேலே ஏறுவார்கள். அதன் எல்லை கூம்பு வடிவம், கூட்டிலிருந்து மேலே போகப் போக விரியும். மேலே ஏறினால் எல்லைக்குள்ளேயேதான் இருப்பீர்கள். முதுகைக் காட்டாமல், துடுப்பை அதற்கும் உங்களுக்கும் நடுவில் வைத்து, படுக்கைவாக்கில் விலகுங்கள்.

அஞ்சாலை (பாறைப் பொந்தில் இருக்கும் விலாங்கு வகை) வாயைத் திறந்து திறந்து மூடினால் கோபம் என்று நினைக்காதீர்கள், மூச்சு விடுகிறது. பொந்துக்குள் கை விட்டால் மட்டும் பிரச்சினை.

சிங்க மீன் கண்ணுக்குத் தெரியும், விலகிப் போகலாம். கல்லைப் போலவே கிடக்கும் விஷமுள்ள கல்மீன்தான் தெரியாது. அதனால்தான் எதன் மேலும் கை ஊன்றாதே என்று சொல்வது. இரண்டின் முள் குத்தினாலும் முதலுதவி ஒன்றே: தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில், 30 முதல் 90 நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். சூட்டில் அந்த விஷம் சிதையும். சூட்டைக் குத்துப்படாத கையால் பாருங்கள். குத்துப்பட்ட கைக்கு வலியில் சூடு தெரியாது, வெந்துபோகும். பிறகு மருத்துவமனை.

நெருப்புப் பவளம் கடுகு மஞ்சளில், நுனி வெளுத்து இருக்கும். பெயரில்தான் பவளம், இனத்தில் சொறிக்கு (ஜெல்லி மீனுக்கு) நெருங்கியது. பட்டால் தீப்பட்டது போல் எரியும். சொறியோ நெருப்புப் பவளமோ பட்ட இடத்தை நல்ல தண்ணீரில் கழுவாதீர்கள், மணல் போட்டுத் தேய்க்காதீர்கள். மிச்சம் இருக்கும் கொட்டும் செல்கள் அதில் வெடிக்கும். கடல்நீரால் கழுவுங்கள். கூம்பு வடிவில் அழகான சங்கு கிடந்தால் எடுக்காதீர்கள். உயிரோடு இருந்தால் விஷ ஊசியை நீட்டும், ஆளைக் கொல்லும் இனங்களும் அதில் உண்டு.

பயமுறுத்தியது போதும். கிளிமீனைத் தேடிப் பாருங்கள். அதற்கு முன்னால் காதுக்குக் கேட்கும், பவளத்தைக் கொறிக்கும் கறுக் கறுக் சத்தம். அது தின்று அரைத்து வெளியேற்றுவதுதான் தீவின் வெள்ளை மணலில் கணிசமான பங்கு. கடல் சாமந்திக்குள் கோமாளி மீன் குடும்பத்தில் பெரியது பெண். அது செத்தால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறும். சின்ன நீலக் கோட்டு மீன் ஒன்று பெரிய கலவா மீனின் வாய்க்குள் போய் வரும், கலவா தின்னாது. பூச்சி எடுக்க வந்த ஆள் அது. அந்த இடத்தில் இரண்டு மூன்று மீட்டர் தள்ளி அசையாமல் நின்றால் ஐந்து நிமிடத்தில் பத்து வகை மீன் வரிசையில் வந்து நிற்பதைப் பார்க்கலாம். பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) பார்க்க வேண்டுமானால் மீனைத் தேடாதீர்கள். காலியான சிப்பி ஓடுகள் குவிந்த பொந்தைத் தேடுங்கள். ஆமை மூச்சுக்கு மேலே போகும், வழியை மறிக்காதீர்கள்.

வெள்ளையாக நிற்கும் பவளத்தைப் பார்த்தால் செத்தது என்று முடிவு கட்ட வேண்டாம். கோடையின் வழக்கமான உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி சில வாரம் நீடித்தால், பவளம் தனக்குள் இருக்கும் பாசியை வெளியே தள்ளிவிடும். திசு கண்ணாடி போல ஆகி உள்ளே இருக்கும் சுண்ணாம்பு தெரியும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைக்கும். தணியாவிட்டால் பட்டினியில் செத்து, மேலே பாசி படர்ந்து பழுப்பாகும். லட்சத்தீவில் 1998, 2010, 2016, 2024 என்று நான்கு தடவை பெரிதாக வெளுத்தது. உருண்டைப் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும். ஒரு மேசை அளவுக்கு இருப்பது நம் தாத்தாவைவிட மூத்தது. அதனால் ஒரு மீட்டர் இடைவெளி விடுங்கள். காலை மேலும் கீழும் அடிக்காமல் தவளை போல் விரித்து உதையுங்கள். அழுத்தமானியும் உபரி ரெகுலேட்டரும் கீழே தொங்காமல் பிசிடியில் மாட்டுங்கள். தொங்கும் அழுத்தமானி ஒவ்வொரு கிளையையும் தட்டிக்கொண்டே வரும். கரையில் ஒதுங்கிய செத்த பவளத் துண்டைக்கூடப் பையில் போடாதீர்கள். பவளமும் கடல் அட்டையும் 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

கோட்டாறுக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. 6 கிலோ என்று குறித்துக்கொண்டேன். இரண்டு சின்ன சந்தேகம். மாஸ்க்கில் மேல் உதட்டுப் பக்கமாகத் தண்ணீர் வருகிறது, பட்டையை இறுக்கினாலும் நிற்கவில்லை. மீசை உண்டு. கண்ணாடி பவர் மைனஸ் 2.5. தக்கலை அக்கா, லென்ஸ் போட்டுக்கொண்டு இறங்கலாமா? கேமரா கொண்டு போகலாமா?

தக்கலை_காதுமூக்குதொண்டை:

மென்மையான கான்டாக்ட் லென்ஸ் போடலாம் தம்பி. மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் கண்ணை மூடிக்கொள்ளணும், இல்லாவிட்டால் லென்ஸ் போய்விடும். அதைவிடப் பவர் லென்ஸ் பொருத்திய மாஸ்க் நல்லது. இரண்டு கண்ணுக்கும் தனித்தனிக் கண்ணாடி உள்ள மாஸ்க்கில்தான் அரை அரை பவராக வரும் லென்ஸை மாற்றிப் பொருத்த முடியும். நீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கிட்டத்திலும் தெரியும், அதனால் மைனஸ் 2.5-க்கு 2 போட்டாலே பலருக்குப் போதும்.

முட்டம்_லைட்ஹவுஸ்:

மீசைக்கு: முழுக்க எடுக்க வேண்டாம். மூக்குக்கு நேர் கீழே, சிலிக்கான் விளிம்பு உட்காரும் அந்த அரை சென்டிமீட்டரை மட்டும் கத்தரித்துவிடுங்கள். பட்டையை இறுக்கினால் விளிம்பு மடிந்து இன்னும் ஒழுகும், தளர்த்திப் பாருங்கள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்து மாஸ்க் போடாதீர்கள். பட்டை வழுக்கும், எண்ணெய் கண்ணாடியில் பட்டால் ஆவி பிடிக்கும். புது மாஸ்க் என்றால் கண்ணாடியில் தொழிற்சாலைப் படலம் இருக்கும். வெள்ளைப் பேஸ்ட் போட்டு உள்பக்கம் இரண்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவுங்கள், ஜெல் பேஸ்ட் வேலைக்கு ஆகாது. டைவுக்கு முன் குழந்தை ஷாம்பு ஒரு துளி.

கேமரா இந்த நான்கு டைவுக்கு வேண்டாம். படம் எடுக்கும்போது மூச்சையும் ஆழத்தையும் கவனிக்க மாட்டீர்கள். சிவப்பு நிறம் ஐந்து மீட்டரிலேயே மங்கத் தொடங்கிவிடும், எடுத்த படமெல்லாம் பச்சையாகவும் நீலமாகவும்தான் இருக்கும். 5 மீட்டரில் பிசிடியைத் தொடாமல் 3 நிமிடம் நிற்க முடிந்த பிறகு கொண்டு போங்கள்.

சிப்பிப்பார்:

கட்மத்துக்கு அனுமதிச் சீட்டு வேணும், ஜனவரிக்குன்னா இப்பவே போடணும். போலீஸ் சான்றும் கேப்பாங்க. குளப் பயிற்சி முடிச்சதுக்கு தந்த ரெஃபரல் தாள் ஒரு வருசந்தான் செல்லும், தேதியப் பாத்துக்கிடுங்க.